ஒகேனக்கல் போட்டோவ வெச்சு டிஜிட்டல் ஸ்க்ராப்புக் பக்கம்: டெம்ப்ளேட் திறக்கறதுல இருந்து பிரிண்ட் வரைக்கும்

ஆடிப்பெருக்கு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சுன்னா தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யார் போனைத் திறந்தாலும் ஒரே மாதிரி போட்டோ தான் இருக்கும். பரிசல்ல உக்காந்து ஒண்ணு, பாறை மேல குடும்பத்தோட நின்னு ஒண்ணு, மீன் வறுவல் தட்டு ஒண்ணு, யாரோ கண்ணை மூடிட்டதால திரும்ப எடுத்த அதே போட்டோ பதினஞ்சு. அதுல நல்லதா ஒரு நாலஞ்சை எடுத்து, பக்கத்துல ரெண்டு வரி எழுதி, ஒரே பக்கமா பிரிண்ட் போட்டு வெக்கறது தான் டிஜிட்டல் ஸ்க்ராப்புக். வெறும் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா எதை எங்க வெக்கறதுன்னே ஒரு ராத்திரி போயிடும், அதனால தான் எது எங்க வரணும்னு முன்னாடியே கட்டம் போட்டு வெச்ச டெம்ப்ளேட். ஆனா ஒண்ணு, டெம்ப்ளேட் என்ன சொல்லுதோ அப்படியே கேக்கணும்னு இல்ல. போட்டோ தான் முதலாளி, டெம்ப்ளேட் வேலைக்காரன். கீழ சொல்ற எல்லாமே இந்தக் கணக்குல தான்.

டெம்ப்ளேட்னா உள்ள என்ன இருக்கும்

பெரும்பாலும் பிஎஸ்டி ஃபைல், அதாவது போட்டோஷாப் ஃபைல். திறந்தா பூரா சாம்பல் கலர் கட்டங்களா இருக்கும், டிசைன்னே சொல்ல முடியாது, பயந்துடாதீங்க. ஒவ்வொரு கட்டமும் தனி லேயர், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின கண்ணாடித் தாள் மாதிரி, ஓரமா 'போட்டோ 1', 'பேப்பர் 2', 'டைட்டில்'னு பேர் போட்டிருப்பாங்க. அடர்ந்த சாம்பல் போட்டோவுக்கும் வெளிர் சாம்பல் பேப்பருக்கும்னு சிலர் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஸ்க்ராப்புக்ல வழக்கமான அளவு 12×12 இன்ச், 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), அதாவது 3600×3600 பிக்சல். டவுன்லோட் பண்ணின உடனே இமேஜ் சைஸ்ல போய் இதைப் பாருங்க. 1200 பிக்சல் தான் இருக்குன்னா அது நல்ல பிரிண்ட்டுக்கு 4 இன்ச் தான் தாங்கும், ஸ்டேட்டஸ்ல வெக்க ஆகும், ஆல்பத்துக்கு ஆகாது.

கூடவே வர்ற டெக்ஸ்ட் ஃபைலையும் ஒரு தடவை படிச்சிடுங்க. நெறைய டெம்ப்ளேட் சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு இருக்கும். ஸ்டுடியோ வெச்சிருக்கறவங்க கஸ்டமருக்கு பண்ணிக் குடுத்து காசு வாங்கறதா இருந்தா கமர்ஷியல் லைசென்ஸ் இருக்கறதா பாத்து எடுக்கணும்.

எதுல பண்றது

போட்டோஷாப் இருந்தா பிரச்சனையே இல்ல. இல்லேன்னா போட்டோபியா, ப்ரௌசர்ல ஓடும், இலவசம், பிஎஸ்டி லேயரை அப்படியே திறக்கும், ஷார்ட்கட் எல்லாம் கிட்டத்தட்ட போட்டோஷாப் மாதிரியே. நம்ம ஃபைலை எங்கயும் ஏத்தாம நம்ம கம்ப்யூட்டர்லயே தான் வேலை நடக்கும், அதனால வீட்டுப் பொண்ணுங்க போட்டோ வேற எங்கயாவது போயிடுமோன்னு கவலை வேண்டாம். கிம்ப்பும் பிஎஸ்டி திறக்கும், ஆனா அதுல க்ளிப்பிங் மாஸ்க், அதாவது போட்டோவ கட்டத்தோட வடிவத்துக்குள்ள அடைக்கறது, வேற மாதிரி சுத்தி வளைக்கணும், டெம்ப்ளேட்ல போட்டு வெச்சிருக்கற நெழலும் சில சமயம் சரியா வராது. புதுசா பழகறவங்களுக்கு நான் போட்டோபியா தான் சொல்லுவேன். போன்லயும் திறக்கலாம், ஆனா அந்தச் சின்ன ஸ்க்ரீன்ல லேயரைத் தேடிட்டு இருக்கறதுக்கு பக்கத்து வீட்டு லேப்டாப்பை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிடலாம்.

போட்டோ முதல்ல, டெம்ப்ளேட் அப்புறம்

எல்லாரும் அழகா இருக்குன்னு ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துட்டு, அதுல எட்டு கட்டம் இருக்கே எதைப் போடறதுன்னு போட்டோ தேடுவாங்க. தலைகீழ் வேலை. மொதல்ல ஒரு ஃபோல்டர் போட்டு, அந்த நாளைச் சொல்ற போட்டோவ மட்டும் அதுக்குள்ள தள்ளுங்க. ஒண்ணு பெருசா தனியா நிக்கணும், அதுக்கு மொகம் நல்லா தெரியறதோ இல்ல எடம் நல்லா தெரியறதோ, ரெண்டுல ஒண்ணு. மத்த மூணு நாலு சின்னதா, கிட்டக்க எடுத்ததா இருந்தா போதும்: மசாலா தடவி வரிசையா அடுக்கி வெச்ச மீன், எண்ணெய் மசாஜ்ல கண்ணை மூடி உக்காந்திருக்கற சித்தப்பா, ஈரமான குழந்தை கால். எல்லாமே தூரத்துல இருந்து எடுத்த கும்பல் போட்டோவா இருந்தா பக்கம் உயிரே இல்லாம போயிடும்.

அப்புறம் எண்ணுங்க. போனை நிக்க வெச்சு எடுத்தது எத்தனை, படுக்க வெச்சு எடுத்தது எத்தனை? பெரிய போட்டோ படுக்கையா இருந்தா படுக்கையா பெரிய கட்டம் இருக்கற டெம்ப்ளேட் தான் வேணும். நிக்கற கட்டத்துல படுக்கை போட்டோவ திணிச்சா பரிசல்ல பாதி வெட்டுப்படும், கூடவே ஓரத்துல உக்காந்திருக்கற அத்தையும் வெட்டுப்படுவாங்க, அதுக்கப்புறம் அத்தை கிட்ட நீங்க தான் பதில் சொல்லணும்.

குவாலிட்டி பத்தி ஒண்ணு. வாட்சப்ல சாதாரணமா வந்த போட்டோ நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் கிட்ட தான் இருக்கும். 300 டிபிஐல அது 5 இன்ச்சு சொச்சம். சின்னக் கட்டத்துக்குத் தாராளமா போதும், ஆனா 8 இன்ச் பெரிய கட்டத்துல போட்டா மொகம் மெழுகு பூசின மாதிரி ஆயிடும். பெரிய கட்டத்துக்கு வர்ற போட்டோவ மட்டுமாவது எடுத்தவங்க கிட்டயே கேட்டு டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. பழைய பிரிண்ட் போட்டோ இருந்தா ஸ்கேனர்ல 600 டிபிஐ வெச்சு எடுங்க, ரெண்டு மடங்கு பெருசா போட்டாலும் தாங்கும்.

டெம்ப்ளேட்டை வளைக்கறது

திறந்த உடனே வேற பேர்ல சேவ் பண்ணிடுங்க, ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும், அதே டெம்ப்ளேட் அடுத்த வருஷம் மாங்காய் சீசன் பக்கத்துக்கும் ஆகும்.

இப்ப பெரிய போட்டோல ஆளுங்க எந்தப் பக்கம் பாக்கறாங்கன்னு பாருங்க. பரிசல் வலது பக்கமா போகுதுன்னா வலது பக்கம் எடம் விடணும், பக்கத்தோட ஓரத்துல கொண்டு போய் முட்ட விடக்கூடாது. டெம்ப்ளேட்ல பெரிய கட்டம் வலது ஓரத்துல இருந்தா என்ன பண்றது? மொத்த பக்கத்தையும் திருப்பிடுங்க, இமேஜ் மெனுல கேன்வாஸை கிடைமட்டமா ஃப்ளிப் பண்ற ஆப்ஷன் இருக்கு, ஒரே க்ளிக். இதைப் போட்டோ வெக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடணும், அப்புறம் பண்ணினா சட்டைல இருக்கற எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பிடும். 90 டிகிரி சுத்தினாலும் வேற டெம்ப்ளேட் மாதிரியே ஆயிடும்.

கட்டம் அதிகமா இருந்தா கண்ணை மூடிட்டு அழிங்க. அழிச்ச எடம் காலியா இருக்கேன்னு பூவும் பட்டனும் வெச்சு நிரப்பாதீங்க. நம்ம ஊர் கல்யாண ஆல்பத்துல ஒரு இன்ச் விடாம ரோஜாவும் நட்சத்திரமும் நீர்வீழ்ச்சியும் போட்டு நடுவுல மாப்பிள்ளை பொண்ணை மிதக்க விடுவாங்க பாருங்க, அந்தப் பழக்கம் தான் நமக்கெல்லாம் காலி எடத்தைப் பாத்தாலே கை அரிக்கறதுக்குக் காரணம்.

போட்டோவ கட்டத்துக்குள்ள எறக்கறது

இது தான் மெயின் வேலை, ஆனா பழகிட்டா ஒரு போட்டோவுக்கு அரை நிமிஷம் தான். லேயர் லிஸ்ட்ல 'போட்டோ 1' கட்டத்தை க்ளிக் பண்ணுங்க. ஃபைல் மெனுல ப்ளேஸ், போட்டோபியால ஓபன் அண்ட் ப்ளேஸ், போட்டோவ எடுங்க. அது கட்டத்துக்கு நேர் மேல லேயரா வந்து உக்காரும். நடுவுல வேற எந்த லேயரும் இருக்கக்கூடாது, இதுல தான் பாதிப் பேருக்கு மாட்டிக்கும். இப்ப கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூணையும் சேத்து அழுத்துங்க, போட்டோ கட்டத்தோட வடிவத்துக்குள்ள போயிடும், லேயர் பக்கத்துல கீழ பாத்து ஒரு அம்புக்குறி வரும். போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் பழைய வெர்ஷன்ல வெறும் கண்ட்ரோல், ஜி.

அளவை மாத்த கண்ட்ரோல், டி. மூலையைப் பிடிச்சு இழுங்க. அகலமும் உயரமும் சேந்து மாறுதான்னு மேல ஓடற ரெண்டு பர்சென்டேஜையும் ஒரு கண் பாத்துக்கங்க, பழைய போட்டோஷாப்ல ஷிஃப்ட்டை அழுத்திட்டே இழுக்கணும், இல்லேன்னா ஒல்லியா இருக்கற மாமா குண்டாயிடுவார். கட்டத்துக்குள்ள போட்டோவ நகத்தும்போது கண்ணு இருக்கற எடம் கட்டத்தோட மேல் மூணுல ஒரு பங்குல வர்ற மாதிரி வெச்சா நல்லா இருக்கும். முழங்கால், மணிக்கட்டு மாதிரி மூட்டு இருக்கற எடத்துல வெட்டாதீங்க, தொடைலயோ இடுப்புலயோ வெட்டினா உறுத்தாது.

கட்டம் சாஞ்ச மாதிரி இருந்தா போட்டோவையும் அதே அளவு சாய்க்கணுமான்னு கேப்பீங்க. ஆமா, சாய்க்கணும். இல்லேன்னா காவிரித் தண்ணி ஒரு பக்கமாவும் ஃப்ரேம் ஒரு பக்கமாவும் போகும்.

கலரும் அந்த லைஃப் ஜாக்கெட்டும்

பேப்பர் கட்டத்துக்கும் இதே முறை தான், பேப்பர் டெக்ஸ்சர் படத்தை மேல வெச்சு க்ளிப் பண்ணணும். எந்தக் கலர்னு யோசிக்க வேண்டாம், கலரைத் தொட்டு எடுக்கற ஐட்ராப்பரை எடுத்து பெரிய போட்டோல நாலஞ்சு எடத்துல க்ளிக் பண்ணிப் பாருங்க. ஒகேனக்கல் போட்டோன்னா ஈரப் பாறையோட கருஞ்சாம்பல் வரும், ஆடி மாசத்துப் புதுத் தண்ணியோட செம்மண் பழுப்பு வரும், கரையோர மரத்துப் பச்சை வரும். பாறைச் சாம்பலை நல்லா வெளுக்க விட்டு பேக்ரவுண்ட் பேப்பரா போடுங்க, பழுப்பை ஒரு பட்டையா போடுங்க, அவ்ளோ தான், பக்கம் ஒண்ணு சேந்துடும்.

பிரச்சனை ஆரஞ்சு. பரிசல்ல போனா லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், போடறதும் நல்லது தான், ஆனா போட்டோல மொகத்தை விட அது தான் மொதல்ல கண்ணுல அடிக்கும். அஞ்சு போட்டோலயும் ஆரஞ்சு இருக்கேன்னு பேக்ரவுண்டையும் ஆரஞ்சு ஆக்கிட்டா பக்கமே தீப்பிடிச்ச மாதிரி ஆயிடும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆரஞ்சை ஏத்துக்கிட்டு சின்னச் சின்னதா மூணு எடத்துல திரும்பப் போடறது, தலைப்புல ஒரு எழுத்து, ஒரு மூலைல ஒரு நூல், கீழ ஒரு பொட்டு, மூணையும் கோடு போட்டு இணைச்சா முக்கோணம் மாதிரி வரணும், அப்ப கண்ணு பக்கம் பூரா சுத்தி வரும். இன்னொண்ணு, ஹ்யூ சாச்சுரேஷன் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் போட்டு அதுல ரெட்ஸ், எல்லோஸ் ரெண்டையும் தனித்தனியா எடுத்து சாச்சுரேஷனை கொஞ்சம் கொறைக்கறது. ஆரஞ்சு இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் இருக்கு. ஆனா நம்ம தோல் கலரும் அதே எடத்துல தான் இருக்கு, அதனால கொறைச்ச உடனே மொகமெல்லாம் சாம்பல் பூத்துப் போகும். அந்த லேயரோட மாஸ்க்ல கருப்பு ப்ரஷ் எடுத்து மொகம், கை மேல தடவி விட்டுடுங்க, அங்க மட்டும் பழைய கலர் திரும்ப வந்துடும்.

நெழல்

ஒரு பக்கம் கம்ப்யூட்டர்ல பண்ணினதா தெரியுதா, நெஜமா பேப்பரை வெட்டி ஒட்டின மாதிரி தெரியுதான்னு முடிவு பண்றது நெழல் தான். நெழலை போட்டோ மேல போடாதீங்க, அடியில இருக்கற கட்டத்து லேயர்ல போடுங்க, க்ளிப் ஆன போட்டோ மேல போட்டா வெளிய தெரியவே தெரியாது. லேயர் ஸ்டைல்ல ட்ராப் ஷேடோ. ஆங்கிள் 120, அதாவது இடது மேல் மூலைல இருந்து வெளிச்சம் வருதுன்னு அர்த்தம். குளோபல் லைட்டை டிக் பண்ணி வெச்சுட்டா எல்லா லேயருக்கும் ஒரே பக்கம் நெழல் விழும்.

3600 பிக்சல் பக்கத்துக்கு நான் வெக்கற அளவு: தட்டையா ஒட்டின பேப்பர், போட்டோவுக்கு டிஸ்டன்ஸ் 6ல இருந்து 8, சைஸ் 12ல இருந்து 15, ஒப்பாசிட்டி 40 பக்கம். பட்டன், பூ மாதிரி தடிமனா இருக்கறதுக்கு டிஸ்டன்ஸ் 15ல இருந்து 20, சைஸ் 25 பக்கம். எல்லாத்துக்கும் ஒரே அளவு போட்டா பட்டனும் பேப்பரும் ஒரே உயரத்துல மிதக்கும், பாத்த உடனே பொய்னு தெரியும். நெழலோட கலரையும் சுத்தக் கருப்புல விடாதீங்க, கலர் பெட்டில 332211னு போட்டா கரும்பழுப்பு வரும், செம்மண் கலர் பேப்பர் மேல அது ரொம்ப இயல்பா இருக்கும். பேப்பர் மேல அச்சடிச்ச மாதிரி இருக்கற எழுத்து, ஸ்டாம்ப் இதுக்கெல்லாம் நெழலே வேண்டாம், மை பேப்பர்ல ஊறித்தானே இருக்கும்.

டெம்ப்ளேட்லயே நெழல் தனி படமா வரைஞ்சு வெச்சிருந்தா, பக்கத்தை ஃப்ளிப் பண்ணினப்ப அதுவும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அதை அழிச்சுட்டு நீங்களே ஸ்டைல்ல போட்டுக்கங்க.

தமிழ் எழுத்து உடையாம போடறது

தலைப்பு தமிழ்ல போடலாம்னு டைப் பண்ணினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும், உடனே இங்கிலீஷ்லயே போட்டுட்டு போயிடறாங்க. பழைய போட்டோஷாப்னா எடிட், ப்ரிஃபரன்ஸஸ், டைப்னு போய் தெற்காசிய மொழிக்கான டெக்ஸ்ட் எஞ்சினை எடுங்க, பாரகிராஃப் பேனல் மெனுல வேர்ல்ட் ரெடி லேஅவுட்டை ஆன் பண்ணுங்க, சரியாயிடும். சில வெர்ஷன்ல எஞ்சினை மாத்தின அப்புறம் மூடித் திறக்கணும். எந்த சாஃப்ட்வேர்னாலும் மொதல்ல 'கொண்டாடினோம்'னு அடிச்சுப் பாருங்க, அது ஒழுங்கா வந்தா எல்லாம் வரும். வரலேன்னா இங்க்ஸ்கேப்லயோ கிம்ப்லயோ அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்துட்டு வந்து ப்ளேஸ் பண்ணிடுங்க.

ஃபான்ட்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸே போதும், இலவசமா யூனிகோட்ல கெடைக்கும். தலைப்புக்கு பலூ தம்பி குண்டு குண்டா நல்லா இருக்கும், கையெழுத்து மாதிரி வேணும்னா கவிவனார், கீழ எழுதற பத்திக்கு முக்தா மலரோ ஹிந்த் மதுரையோ. ஒரு பக்கத்துக்கு ரெண்டு ஃபான்ட் தாண்ட வேண்டாம்.

டெம்ப்ளேட்ல எழுத்துக்கு விட்டிருக்கற எடம் இங்கிலீஷ் கணக்குல விட்டது. நம்ம வார்த்தை நீளம், மேலயும் கீழயும் சுழி வரும். அதனால வரி இடைவெளியை எழுத்து அளவுல ஒண்ணரை மடங்காவது வையுங்க, 12 பாயிண்ட் எழுத்துன்னா 18. ரெண்டு ஓரமும் நேரா வர்ற ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம், நீளமான வார்த்தைங்க நடுவுல ஓட்டை ஓட்டையா விழும், இடது ஓரம் மட்டும் நேரா இருந்தா போதும். எடம் பத்தலேன்னா எழுத்தைச் சின்னதாக்காம ஒரு போட்டோ கட்டத்தை எடுத்துட்டு அங்க எழுதுங்க.

என்ன எழுதறது

'ஒகேனக்கல் டூர், மகிழ்ச்சியான தருணங்கள்'னு எழுதறதுக்கு எழுதாமலே இருக்கலாம். போட்டோல தெரியாதது எதுவோ அதை எழுதுங்க. போட்டோ எடுத்தது யாரு, அவங்க எந்த போட்டோலயும் இருக்க மாட்டாங்களே. யார் வரல, ஏன் வரல. மீன் எத்தனை ரூபாய்க்கு வாங்கினீங்க. பென்னாகரம் தாண்டினதும் யாருக்கு வாந்தி வந்துச்சு. தண்ணி அதிகமா இருந்து பரிசலும் குளியலும் தடை பண்ணியிருந்தாங்கன்னா அதுவும் சேதி தான்.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. கர்நாடகா எல்லைல இருக்கற பிலிகுண்டுலுல அளக்கற காவிரி நீர்வரத்து, வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடின்னு, சீசன்ல தினமும் பேப்பர்ல வரும். நீங்க போன அன்னிக்கு என்ன அளவுன்னு அந்தப் பேப்பர்ல பாத்து அந்த நம்பரை பெருசா தலைப்புக்குப் பக்கத்துல போடுங்க. இருபது வருஷம் கழிச்சு பாக்கறவங்களுக்கு அந்த ஒரு நம்பர் போட்டோவ விட அதிகமா சொல்லும்.

வீட்டுல பெரியவங்க இருந்தா போட்டோவ காட்டி பேச விட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. "நாங்க போறப்ப கட்டுச்சோறும் களி உருண்டையும் தான் கண்ணு, மீனை யாரு காசு குடுத்து வாங்கினா"ன்னு பாட்டி சொன்னா அதைத் திருத்தாம அப்படியே போடுங்க.

அலங்காரம்

இதுக்கு அதிகமா நேரம் செலவு பண்ணாதீங்க. வெளிநாட்டு கிட்ல மேப்பிள் இலையும் பனிப்பூவும் தான் இருக்கும், ஒகேனக்கல் பக்கத்துல அது எதுக்கு? ஒரு மாவிலையை ஸ்கேனர்ல வெச்சு மேல வெள்ளைப் பேப்பர் மூடி 300 டிபிஐல ஸ்கேன் பண்ணி, வெள்ளையை மேஜிக் வாண்ட்ல எடுத்துட்டு பிஎன்ஜியா வெச்சுக்கங்க. கிருஷ்ணகிரில மாவிலைக்கா பஞ்சம். அம்மா போடற கோலத்தையும் நேர் மேல இருந்து போட்டோ எடுத்து, ப்ளெண்டிங்கை ஸ்க்ரீன்ல வெச்சு அடர்ந்த கலர் பேப்பர் மேல போட்டா தரை கருப்பா இருந்தா மறைஞ்சு கோடு மட்டும் நிக்கும்.

பிரிண்ட்

லேயரோட பிஎஸ்டி ஒண்ணு, பிரிண்ட்டுக்கு ஜேபெக் ஒண்ணு, ரெண்டும் வேணும். ஜேபெக் குவாலிட்டி 12ல 10க்கு கீழ எறங்க வேண்டாம், கலர் ப்ரொஃபைல் எஸ்ஆர்ஜிபி. வெட்டும்போது ஓரத்துல எட்டுல ஒரு பங்கு இன்ச் போகலாம், அது 38 பிக்சல். அதனால எழுத்து, மொகம் எதுவும் ஓரத்துல இருந்து 75 பிக்சலுக்குள்ள வராம பாத்துக்கங்க.

நம்ம ஊர் ஸ்டுடியோல போய் 12×12 பிரிண்ட்னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, அவங்க கிட்ட ஓடறது 12×18. அதனால நீங்களே 5400×3600 பிக்சல்ல புது ஃபைல் திறந்து, இடது பக்கம் உங்க பக்கத்தை வெச்சுட்டா வலது பக்கம் 6×12 இன்ச் மீதி இருக்கும். அதுல 6×4 சாதாரண போட்டோ மூணு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கச்சிதமா உக்காரும், அதே காசுல சொந்தக்காரங்களுக்குக் குடுக்க மூணு பிரிண்ட் கெடைச்ச மாதிரி ஆச்சு. கல்யாணத்துக்குப் போடற கரிஷ்மா ஆல்பம் 12×36ல மூணு பக்கத்தை வரிசையா வெச்சா என்னன்னு தோணும், வெக்காதீங்க, மடிப்பு சரியா 18வது இன்ச்ல வரும், நடு பக்கத்துல இருக்கறவங்க மொகம் மடிப்புல மாட்டும்.

ஃபைலை பென்டிரைவ்ல குடுங்க, இல்ல வாட்சப்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க. குடுக்கும்போதே "அண்ணா, கலர் கரெக்ஷன் வேண்டாம், ஆக்சுவல் சைஸ்லயே போடுங்க"ன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா அவங்க வழக்கம் போல மொகத்தைச் செவக்க வெச்சு, நீங்க பாத்துப் பாத்துக் கொறைச்ச அந்த ஆரஞ்சை திரும்ப ஏத்தி விட்டுடுவாங்க. மேட் பேப்பரா க்ளாஸியான்னு கேட்டா மேட்னு சொல்லுங்க, நெழல் அதுல தான் நல்லா எடுபடும், கை ரேகையும் படியாது.